முதலில் பிரித்துப் பார்ப்போம்

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, கார்செட் வாங்கணும்னா எதையெல்லாம் பாத்து வாங்கணும்?”

அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே உடலையும் உடையையும் பற்றித்தான். கேள்வி தலைப்புக்கு வெளியே போகவில்லை. ஆனாலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். “இதுக்குத்தான் இவ்வளவு படிச்சோமா?” என்றார் ஒருவர். விக்டோரியா ராணி காலத்துப் பெண்கள் இடுப்பு சிறுக்க வேண்டும் என்று விலா எலும்பையே அறுத்து எடுத்துக்கொண்டார்கள் என்றார் இன்னொருவர். எல்லாரையும்விட நீளமாகப் பேசியது நான்தான். ஆணின் கண்ணுக்காகப் பெண் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் கூண்டு அது என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 1,100 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினாள். பெரியப்பா மகளின் கல்யாண வரவேற்பில் அதை ஐந்து மணி நேரம் அணிந்திருந்தாள். உள்ளே இருந்த பட்டை ஒன்று துணியைத் துளைத்துக்கொண்டு வந்து இடது விலாவின் மேல் தோலைக் கிழித்துவிட்டது. புண் சீழ் பிடிக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் திட்டு விழும். எங்களிடம் சொன்னால் உரை கேட்க வேண்டும். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது. கார்செட் அணியலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் அரசியல் பேசினோம். விலா எலும்பை அறுத்தார்கள் என்ற கதைக்குக்கூட நம்பத்தக்க சான்று எதுவும் கிடையாது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பெண்ணை வாயடைக்க வைப்பதால் லாபம் பார்ப்பவர் ஒருவர்தான்: அதை விற்பவர்.

அவள் வாங்கியதை எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் எடுத்துப்போனோம். பாதி பிளேடை எடுத்து அவர் தையலைப் பிரித்தார். பத்து நிமிடத்தில் மேசையின் மேல் எல்லாம் தனித்தனியாகக் கிடந்தது. வெளியே பாலியஸ்டர் சாட்டின். உள்ளே, பிடித்து இழுத்தால் நீளும் மெல்லிய லைனிங். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. பன்னிரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் இருந்தன. அவற்றின் முனைகளை வெட்டியவர் மழுக்காமல் கூராகவே விட்டிருந்தார். உடம்புச் சூட்டில் அவை இடுப்புப் பக்கம் மடங்கிப்போயிருந்தன. மடங்கிய பட்டை ஒன்றின் முனைதான் அவள் விலாவைக் கிழித்தது. நாடா கோக்கும் ஐலெட்டுகளுக்குப் பின்பக்கம் வாஷர் இல்லை. நான்கு ஏற்கெனவே பிய்ந்திருந்தன. விளம்பரத்தில் மட்டும் ‘ஸ்டீல்’ என்று இருந்தது.

“நூத்தம்பது ரூபா பிளவுஸுக்கே நான் இதைவிட நல்ல லைனிங் குடுப்பேன்” என்றார் டெய்லர் அக்கா.

இனி, அவள் கேட்ட கேள்விக்கான பதிலைச் சொல்கிறேன். கொஞ்சம் தாமதம்தான்.

கார்செட் என்பது இழுவிசையைத் தாங்க வேண்டிய கட்டுமானம். பின்பக்கம் நாடாவை இழுத்துக் கட்டும்போது அந்த இழுப்பு முழுவதும் துணிமேல் விழுகிறது. துணி நீண்டுகொடுத்தால் வடிவம் போய்விடும், பட்டைகள் இடம் மாறும், உடம்பில் குத்தும். அதனால் இதற்கென்றே கூட்டில் என்ற பருத்தித் துணியை நெய்கிறார்கள். மீன்முள் போன்ற நெசவு, மிக நெருக்கமான இழை, எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்காது. அது கிடைக்காவிட்டால் கெட்டியான, நீளாத பருத்தித் துணியாவது தாங்கும் அடுக்காக இருக்க வேண்டும். சாட்டினும் ஜரிகையும் வெளித்தோற்றத்துக்கு மட்டுமே. ஆகவே முதல் கேள்வி: நடுவில் தாங்கும் துணி உண்டா, அது என்ன துணி?

இரண்டாவது, பட்டைகள். எஃகில் இரண்டு வகை உண்டு. தட்டை எஃகு முன்னும் பின்னும் மட்டுமே வளையும்; நாடாத் துளைகளின் இரு பக்கமும் நேராக நிற்க அது வேண்டும். சுருள் எஃகு எல்லாப் பக்கமும் வளையும். இடுப்பின் வளைவில் போகும் தையல்களுக்கு அது வேண்டும். எந்த வகையானாலும் முனையில் மூடி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். திமிங்கிலப் பட்டையைப் போலிருக்கும்படி செய்த நல்ல செயற்கைப் பட்டைகள் இருக்கின்றன, நாடக உடை தைப்பவர்கள் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். மலிவாக வருவது அந்த வகை கிடையாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பட்டை ஓடும் இடத்தில் வைத்துப் பாருங்கள். எஃகு என்று விற்கப்பட்ட சாதாரணப் பட்டையில் அது ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, இடுப்பு நாடா. நல்ல வேலைப்பாட்டில், இடுப்பு மிக ஒடுங்கும் இடத்தில் ஏறக்குறைய ஓர் அங்குல அகலமுள்ள நீளாத நாடா உள்ளே சுற்றி ஓடும். அதிக இழுப்பு விழும் இடம் அதுதான். தையல் பிய்யாமல் காப்பது அந்த நாடா. சில வேளை அது இரண்டு அடுக்குக்கு நடுவில் மறைந்திருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். அவள் வாங்கியதில் அது இல்லவே இல்லை.

நான்காவது, மூடும் இடங்கள். முன்பக்கம் ஒரு ஓரத்தில் குமிழும் மறு ஓரத்தில் வளையமும் கொண்ட இரண்டு எஃகுத் தகடுகள் இருக்க வேண்டும். அதற்கு பஸ்க் என்று பெயர். அந்த இடத்தில் மெல்லிய ஜிப்போ சாதாரண ஹூக்குப் பட்டையோ இருந்தால் அது இறுக்கிக் கட்டுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. பின்பக்கத் துளைகள் இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு நடுவில், வாஷரோடு அடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது, அளவு. சாதாரணச் சட்டையைப் போல எஸ், எம், எல் என்று வாங்கினால் ஏமாறுவீர்கள். இடுப்பையும், விலாவின் அடிப்பகுதியையும், இடுப்பெலும்பின் மேலும், உட்கார்ந்த நிலையில் உடம்பின் நீளத்தையும் அளக்க வேண்டும். புதிதாக அணிபவர் தன் இயல்பான இடுப்பளவில் 2 முதல் 4 அங்குலத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுத் துண்டுக்குக் குறைவாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் உடம்பின் வளைவோடு அது பொருந்தாது. மார்புக்கூட்டிலும் இடுப்பெலும்பிலும் அழுத்தும். முதல் நாளே முழுதாக இறுக்காமல் தளர்வாகக் கட்டிச் சில நாள் பழக்க வேண்டும். வலி, மரத்துப்போதல், மூச்சு முட்டல், நெஞ்செரிச்சல் என்று எது வந்தாலும் உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் அது எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொழுப்பைக் கரைக்காது. அவிழ்த்தால் இடுப்பு பழைய இடத்துக்கே வரும். ‘வெயிஸ்ட் டிரெய்னர்’ என்ற பெயரில் விற்கும் ரப்பர் பட்டை கார்செட்டே இல்லை. அது வியர்க்க வைக்கும், அந்த நீர் போன எடையைத்தான் எடை குறைந்தது என்று காட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் அணியக் கூடாது. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வயிற்றில் எதையும் இறுக்கக் கூடாது. ஒரு விற்பனைப் பக்கத்தில் இவ்வளவும் இருந்திருந்தால் அவள் வேறு ஒன்றை வாங்கியிருப்பாள், அல்லது வாங்காமலே இருந்திருப்பாள். இரண்டில் எது என்பது அவள் முடிவு.

உள்ளே இருப்பதைப் பெண் அறியக் கூடாது என்ற ஏற்பாடு இன்று தொடங்கியதா? பிரான்சில் 1675இல் பெண் தையல்காரர்களுக்குத் தனிச் சங்கம் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பெண்கள் பெண்களுக்கு உடை தைக்கலாம். ஆனால் பட்டை வைத்துத் தைக்கும் இறுக்கமான மேலுடை மட்டும் ஆண் தையல்காரர்களின் உரிமையாகவே நின்றது. பெண்ணின் மார்புக்கூட்டின் மேல் எதை எங்கே வைப்பது என்ற தொழிலறிவு, அதை அணியாதவர்கள் கையில் இருந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1881இல் முடிந்த ஒரு வழக்கு இருக்கிறது. 1855இல் ஃபிரான்சஸ் என்ற பெண் தன் தோழியோடு பேசும்போது, கார்செட்டின் எஃகுப் பட்டைகள் அடிக்கடி ஒடிந்துபோகின்றன என்று குறைபட்டுக்கொண்டார். உடன் இருந்த சாமுவேல் பார்ன்ஸ் என்பவர், ஒடியாத பட்டைகளைச் செய்து கொண்டுவந்து கொடுத்தார். ஃபிரான்சஸ் அதை ஆண்டுக்கணக்கில் அணிந்தார். துணி நைந்துபோகும்போதெல்லாம் பிரித்துப் பட்டைகளை எடுத்துப் புதியதில் வைத்துத் தைத்துக்கொண்டார். பின்னர் அவர்கள் மணந்துகொண்டார்கள். 1863இல் பார்ன்ஸ் ஒருவருக்குத் தன் கண்டுபிடிப்பைக் காட்ட விரும்பியபோது, மனைவிதான் தன் கார்செட்டையும் ஒரு கத்திரிக்கோலையும் கொண்டுவந்து, பிரித்துப் பட்டைகளை எடுத்தார். 1866இல்தான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கணவர் இறந்தபின் அந்த உரிமையைக் காக்க ஃபிரான்சஸ் வழக்காடினார், தோற்றார். விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அந்தப் பட்டைகள் ‘பொதுப் பயன்பாட்டில்’ இருந்துவிட்டன என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. எது பொது? ஒரே ஒரு பெண், தன் மேலுடைக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாமல் அணிந்தது. நீதிபதி மில்லர் மட்டும் இதை ஏற்க மறுத்து, இதுவே பொதுப் பயன்பாடு என்றால் தனிப் பயன்பாடு என்று எதைச் சொல்வது என்ற பொருளில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைக் காப்புரிமைப் பாடமாகப் படிக்கிறார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஒடிகிறது என்று கண்டவர் அவர். ஒடியவில்லை என்று தன் உடம்பில் அணிந்து காட்டியவர் அவர். பிரித்தும் மறுபடி தைத்தும் அந்தப் பொருளை முழுக்க அறிந்திருந்தவர் அவர். ஏட்டில் அவர் வெறும் பயன்படுத்தியவர்.

செய்தவர்கள் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் 1912இல் ஒரு கார்செட் ஆலையின் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி ஒரு காரணம். தைக்கும் நூலுக்குத் தாங்களே காசு கொடுக்க வேண்டியிருந்தது இன்னொன்று. மேற்பார்வை பார்த்த ஆண்களின் பாலியல் சீண்டல் மூன்றாவது. போராட்டத்தை நடத்திய ஜோசபின் கேசி சிறைக்குப் போனார். கார்செட்டை அணிந்தவளைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதைத் தைத்தவளைப் பற்றி எவ்வளவு எழுதினோம்? 1,100 ரூபாய்க்குப் பன்னிரண்டு பட்டையும் இருபத்து நாலு ஐலெட்டும் வைத்து ஒன்று வீடு தேடி வருகிறது. அதில் விளம்பரத்துக்கும் கூரியருக்கும் தரகருக்கும் போக, தைத்தவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். முனையை மழுக்க அவருக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“இது வெள்ளைக்காரிகளின் பிரச்சினை, நமக்கேன்?” என்று கேட்ட தோழி ஒருவருக்கு என் பதில் இது. நம் இடுப்பில் ஒரு நாடா இருக்கிறது. பாவாடை நாடா. காலையில் கட்டினால் இரவில்தான் அவிழ்ப்போம். புடவை நழுவக் கூடாதென்று இறுக்கிக் கட்டி, இடுப்பைச் சுற்றிக் கறுத்துத் தடித்த வடு இல்லாத அம்மாக்கள் நமக்கு எத்தனை பேர்? ஆண்டுக்கணக்கில் இடுப்பில் இறுக்கிக் கட்டிய உடை உரசிய இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறிய வயதான இரு இந்தியப் பெண்களைப் பற்றி 2024இல் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் எழுதினார்கள். அரிதாக நடப்பதுதான். ஆனால் நாடாவை அகலமாக்கினாலே, கொஞ்சம் தளர்த்தினாலே, அரிப்பும் கறுப்பும் வந்தவுடன் கட்டும் இடத்தை மாற்றினாலே தவிர்க்கக்கூடியது. இதை நமக்கு யார் சொன்னார்கள்? கார்செட்டைக் கூண்டு என்று உரை நிகழ்த்திய அன்று என் இடுப்பிலும் அந்த நாடா இறுகித்தான் இருந்தது.

உள்ளூர்ப் பையன் ஒருவன் பைக் வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சிசி, என்ன மைலேஜ், டிஸ்க் பிரேக்கா டிரம் பிரேக்கா என்று டீக்கடையே சேர்ந்து விவாதிக்கும். வேகத்தால் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் சாகிறார்கள், இருந்தாலும் அவன் கேள்வியை யாரும் அசட்டுத்தனம் என்று சொல்வதில்லை. தோலோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பெண் கேட்டால் அது மட்டும் அலங்கார மோகம். பிராவின் அளவை எப்படி எடுப்பது, சானிட்டரி நாப்கினுக்குள் என்ன அடைத்திருக்கிறது, பிரசவம் ஆனபின் வயிற்றில் கட்டும் பெல்ட்டை எவ்வளவு இறுக்கலாம், எவ்வளவு நேரம் விடலாம்: இவை எல்லாம் காதோடு காதாகக் கேட்கப்பட்டு, பாதி பதிலோடு முடிகின்றன.

இரண்டு முழக்கங்கள் இந்த மௌனத்தைக் காக்கின்றன. ஒன்று விற்பவருடையது: ‘உன் உடல், உன் தேர்வு.’ நம் இயக்கத்தின் சொல்லையே எடுத்து அதன்மேல் விலைச்சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். துணியின் பெயரைச் சொல்லாமல், பட்டை என்னவென்று சொல்லாமல், தைத்தவர் யாரென்று சொல்லாமல், என்ன தேர்வு? கண்ணைக் கட்டிவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ என்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் கிடையாது. மற்றது நம்முடையது: ‘அது அடிமைச் சின்னம், தொடாதே.’ இதைச் சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடுகிறது. கேட்டவள் தனியாகத் திரும்பிப் போகிறாள், கைப்பேசியில் விளம்பரம் காத்திருக்கிறது.

ஒடுங்கிய இடுப்புத்தான் அழகு என்ற பொய்யோடு எனக்கு ஒரு சமரசமும் கிடையாது. அந்தப் பொய் நம் பெண்களைப் பட்டினி போடுகிறது, கல்யாணச் சந்தையில் எடை போடுகிறது. அதை எதிர்க்க வேண்டும். ஆனால் பொருளைத் தெரியாமல் பொய்யை எதிர்க்க முடியாது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவை நினைத்துப் பாருங்கள். 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு நொறுங்கியபின் வாழ்நாளெல்லாம் பிளாஸ்டர், தோல், எஃகு என்று ஒன்று மாற்றி ஒன்றாக மருத்துவக் கார்செட்டுகளுக்குள் இருந்தவர். சிலவற்றின்மேல் அவரே ஓவியம் தீட்டினார். ஒன்றில் அரிவாள் சுத்தியல், அதன் கீழே ஒரு கரு. 1944இல் வரைந்த ஓவியத்தில் தன்னை இறுக்கும் எஃகுப் பட்டைகளையும் பிளந்த உடம்பையும் சேர்த்தே வரைந்தார். தாங்குவது எது, வதைப்பது எது என்று அவருக்குப் பட்டை பட்டையாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவு இருந்ததால்தான் அந்தக் கோபமும் அவ்வளவு துல்லியமாக இருந்தது.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர், தான் வாங்கி ஏமாந்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். டெய்லர் அக்கா பிளேடோடு வருவார். இதுவரை இரண்டு பிரா, ஒரு பிரசவ பெல்ட், ஒரு புடவை ஷேப்வேர் பிரித்தாகிவிட்டது. அம்மாக்களுக்கு அகலமான பாவாடை நாடா தைத்துக் கொடுத்தோம். சிலர் கட்டிக்கொண்டார்கள், சிலர் “பழகிடுச்சும்மா” என்று பழையதற்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த மாணவியின் விலாவில் சின்னதாக ஒரு வடு தங்கிவிட்டது. அவளுக்கு கார்செட் ஆசை போகவில்லை, போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. போன வாரம் ஒரு விற்பனையாளருக்கு அவள் அனுப்பிய செய்தியைக் காட்டினாள். நான்கே வரி. நடுவில் என்ன துணி வைக்கிறீர்கள்? பட்டை எஃகா, எந்த வகை? இடுப்பு நாடா உண்டா? தைப்பவருக்கு ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

பார்த்துவிட்டார்கள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.